பாதிச் சேலை தூரம்

ஜெகதாப்பட்டினத்தில் வந்து உண்ணாமலை வீடு எது என்று கேட்டால், எந்த உண்ணாமலை என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பெட்டிக்கார உண்ணாமலை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டைக் கை காட்டிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். பெருமூச்சு சமீபத்தில் சேர்ந்தது. பெட்டிக்காரி என்ற பேர் ஆறு வருஷத்துப் பழசு.

அவள் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. இலுப்பூர்ப் பக்கம் கடலையும் உளுந்தும் போடுகிற குடும்பம். கல்யாணமாகி வந்த புதிதில் கடலைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வாய் குடிக்க ஆகாதா?" என்று கேட்டாளாம். அதை இருபத்தைந்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஊர் இது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏலக் கொட்டகையில் உட்கார்ந்து இறால் பிரிக்கப் பழகிக்கொண்டாள். இறால் தலையைக் கிள்ளுகிற வேகத்தில் இன்றைக்கும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே மகள் வனிதாவை அறந்தாங்கியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அக்கா வீட்டுக்கு நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்த தம்பி சிவசாமி, ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி, பெண் கட்டி, விசைப்படகு ஓட்டுகிற டிரைவராகவும் ஆகிவிட்டான்.

புருஷன் ரெங்கராஜும் டிரைவர்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் படகு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சுக்கானைப் பிடித்தபடி மயங்கி விழுந்தார். கரைக்குக் கொண்டுவந்து, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தின் மேல் அறை சொல்வது கீழ் அறைக்குக் கேட்கவில்லை, மெஷின் வைத்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். இடது தோளுக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒன்றை உள்ளே வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இதயத்துக்குள் இறக்கினார்கள். அன்றிலிருந்து அது தட்டினால்தான் அவர் இதயம் துடிக்கும். சொந்தமாகத் துடிக்கும் தெம்பு அதற்குப் போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஷீபா என்ற டெக்னீஷியன் பெண் ஒரு வெள்ளைப் பெட்டியை உண்ணாமலை கையில் கொடுத்தாள். சின்ன டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது, முன்பக்கம் ஒரு விளக்கு.

"அவுங்க நெஞ்சுல இருக்கிற மெஷினுக்குள்ள ஒரு ஆன்டெனா இருக்குக்கா" என்றாள் ஷீபா.

"மொட்டை மாடியில கட்டுவாங்களே, அதா?"

"அதேதான். ஆனா இது வெரல் நகத்துல பாதி. முடி மாதிரிக் கம்பிய முறுக்குச் சுத்தின மாதிரி சுத்தி வச்சிருக்கும்."

"இத்துணூண்டுல இருந்து என்னத்தப் பேசும்?"

"மெதுவாத்தான் பேசும். ஒடம்பு பூரா உப்புத்தண்ணிதானக்கா, பாதிச் சத்தத்த அதுவே தின்னுரும். தப்பிச்சு வெளியில வாரது மூணு மீட்டர் போகும். அதுக்குள்ள இந்தப் பெட்டி இருக்கணும். கம்பி நல்லா இருக்கா, பேட்டரி எவ்வளவு இருக்குன்னு தெனமும் அதுகிட்ட கேட்டு, எங்க கம்ப்யூட்டருக்கு அனுப்பிடும். எங்களுக்கு வந்து சேந்ததும் ஒங்க போனுக்கு ஒரு மெசேஜ் வரும். ஆள் எட்டுற தூரத்துல இருந்தா பச்சை எரியும். தேடிக் கெடைக்கலைன்னா மஞ்சள்."

உண்ணாமலைக்கு மீட்டர் பிடிபடவில்லை. சேலை ஐந்தரை மீட்டர் என்பது தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நூல் சேலையை எடுத்துச் சரிபாதியாக மடித்து, ஒரு நுனியைக் கூடத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்து மறு நுனி எட்டுகிற இடத்தில் ஆணி அடித்து ஒரு பலகை போட்டாள். பெட்டி அதில் ஏறியது. பார்க்க வந்த பொம்பளைகளிடம், "பாதிச் சேலை தூரம்தான் அவரு பேச்சு கேக்கும்" என்று சொல்லிச் சொல்லி, அந்த அளவும் ஊருக்குப் பழகிப்போயிற்று.

ஆறு வருஷம் அந்த விளக்குத்தான் அவளுக்கு எல்லாம். காலையில் கண் விழித்ததும் புருஷன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பார்ப்பாள். ரெங்கராஜ் டீக்கடைக்குப் போனால் சற்று நேரத்தில் மஞ்சளாகும், திரும்பி வந்து உட்கார்ந்தால் பச்சையாகும். "கடையில எம்புட்டு நேரம் உக்காந்திருந்தீங்கன்னு பெட்டி சொல்லிருச்சு" என்று சண்டை பிடிப்பாள். "போலீசு வீட்டுல பொண்ணு எடுத்த மாதிரி ஆயிப்போச்சு எம்பொழப்பு" என்பார் அவர். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படம் எடுத்து ஷீபாவுக்கு அனுப்பினாள். 'குங்குமம் சரிக்கா, தண்ணி தெளிச்சிடாதீங்க' என்று பதில் வந்தது.

ரெங்கராஜைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர்கூடச் சொல்லவில்லை. படகு முதலாளி உதயசூரியன்தான் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். "நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா அண்ணிக்கு நான் பதில் சொல்ல முடியாதுண்ணே." அதிலிருந்து துறைமுகத்திலேயே இன்ஜின் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் படகுகள் புறப்படுகிற திங்கள், புதன், சனி மூன்று நாளும் விடியும் முன்னே எழுந்துபோய் நின்றுவிடுவார். கடைசிப் படகு கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து காப்பி கேட்பார்.

இந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. சிவசாமி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். டிரைவர் இல்லாமல் படகு போகாது. மற்ற பதினோரு பேரும் ஐஸ் ஏற்றித் தயாராக நிற்கிறார்கள். யார் யார் போகிறார்கள் என்ற பட்டியல் முதல் நாளே மீன்வளத்துறை ஆபீசில் எழுதிக் கொடுத்து டோக்கன் வாங்கியாயிற்று. இங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டியல் கொடுத்த பிறகு ஒருவன் படுத்துவிட்டால், அவன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இன்னொருவன் ஏறிக்கொள்வான். பேர் ஏறியது ஏறியதுதான், ஆள்தான் மாறும். அந்த அட்டைப் படத்தில் எல்லாருமே திருட்டு முழி முழித்துக்கொண்டு ஒரே ஆள் மாதிரிதான் இருப்பார்கள். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். செய்யாத படகு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். இதற்கு ஒரு சட்டமும் அவர்களே வைத்திருந்தார்கள்: எந்தப் பேரில் போனானோ அந்தப் பேரிலேயே திரும்பி வர வேண்டும். நடுவில் எவன் கேட்டாலும் வாய் மாறக் கூடாது.

சிவசாமி அட்டையை ரெங்கராஜ் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உதயசூரியன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உண்ணாமலை வாசலில் மறித்தாள். "சொன்னாக் கேளுங்க. ஆறு வருசமா இல்லாத ஆசை இப்ப எதுக்கு?"

"ஆறு வருசமா இருந்த ஆசைதான் புள்ள. ஒரு நாளு. நாளைக்குக் காலையில ஒம்பெட்டிக்கு முன்னாடி வந்து நிக்கிறேன், போதுமா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வழியை விட்டேன் என்று இப்போது சொல்லி அழுகிறாள்.

அன்று பத்தரை மணிக்கு ஷீபா போன் பண்ணினாள். விடியற்காலையில் அவர் கிளம்புவதற்கு முன்னால் போன ரீடிங்கில், இதயத்துக்குள் இறங்குகிற கம்பியில் விரிசல் விழுந்த மாதிரி காட்டுகிறதாம். "பயப்படாதீங்கக்கா. ஆனா தள்ளிப்போட வேணாம். ரெண்டு மூணு நாளைக்குள்ள கூட்டிட்டு வாங்க, கம்பிய மாத்தணும். அது அறுந்துச்சுன்னா மெஷின் அடிக்கிறது இதயத்துக்குப் போகாது."

உண்ணாமலை இறால் கையோடு உதயசூரியன் வீட்டுக்கு ஓடினாள். அவர் வயர்லெஸ் மைக்கை எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். இரைச்சல்தான் வந்தது. "தூரம் போயிட்டாங்க அண்ணி. விடிஞ்சாக் கரையில இருப்பாரு. நானே கார் எடுத்துட்டு வாரேன், நேரா தஞ்சாவூரு போயிருவோம்" என்றார். அவளும் ஒரு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படகும் வந்தன. இந்தப் படகு வரவில்லை. வந்தவர்கள் சொன்னார்கள், எல்லை தாண்டிட்டாங்கன்னு இலங்கைக் கடற்படை படகோடு கொண்டுபோய்விட்டது என்று. மத்தியானத்துக்குள் எல்லார் செல்போனிலும் பட்டியல் வந்துவிட்டது. பன்னிரண்டு பேர். ஒன்பதாவதாக, சிவசாமி, வயது 41. அதைக் காய்ச்சலோடு கட்டிலில் படுத்துக்கொண்டு சிவசாமியே படித்தான்.

"நான் போயிருக்கணும்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"போயிருந்தா நீ உள்ள இருப்ப. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றாள் அவள். ரெண்டும் ஒண்ணு இல்லை என்று இருவருக்கும் தெரியும். சிவசாமி உள்ளே இருந்தால் களியோ சோறோ தின்றுவிட்டு ஒரு மாதத்தில் வந்து சேருவான். இந்த ஊரில் சிறைக்குப் போய் வராத வீடு குறைவு. ரெங்கராஜ் நெஞ்சுக்குள் ஒரு கம்பி விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது. அது அவருக்கே தெரியாது. தெரிந்த பெட்டி இங்கே பலகையில் உட்கார்ந்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அங்கே கோர்ட்டில் நிறுத்தினார்கள். பதினான்கு நாள் காவல். உதயசூரியன் அந்தக் கரையில் வைத்திருந்த வக்கீலிடம், ஒன்பதாவது ஆளுக்கு நெஞ்சில் மெஷின் இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்றார். சும்மா சொல்லக் கூடாது, பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அப்போதைக்குச் சரியாகத்தான் இருந்தது. மெஷினையே சோதிக்க வேண்டுமென்றால் அதன் அட்டையும் வைத்த டாக்டரின் கடிதமும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அட்டை உண்ணாமலையின் பீரோவில் இருந்தது. அதில் ரெங்கராஜ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷீபா போன் பண்ணினாள். "மூணு நாளா ரீடிங்கே வரலையேக்கா? இன்னும் கூட்டிட்டும் வரலை?"

"மக வீட்டுக்குப் போயிருக்காரும்மா."

"இந்த நேரத்துலயா? சரி, பெட்டியவாச்சும் பஸ்ஸுல குடுத்துவிடுங்க. பக்கத்துல வச்சாப் போதும், நாங்க இங்கிருந்தே பாத்துக்குவோம்."

உண்ணாமலை போனைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். எந்த பஸ்ஸில் வைப்பது? வாசலில் நின்றால் கடல் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அவர் இருக்கிறார். பாதிச் சேலை தூரம் போகிற குரலை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அங்கே என்ன செய்வார்? அன்றைக்குச் சமாளித்துவிட்டாள். வியாழக்கிழமை ஷீபா மறுபடியும் கூப்பிட்டபோது உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஷீபா முழுக்கக் கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கித் தாரேன்க்கா" என்றாள்.

"சிவசாமின்னு எழுதித் தரச் சொல்லும்மா."

"அது முடியாதுக்கா. மெஷின் நம்பர் ரெங்கராஜ் பேர்லதான் பதிஞ்சிருக்கு. பேர மாத்துனா பொய்யாயிரும், அவுங்க நம்பரப் போட்டுப் பாத்தாலே தெரிஞ்சிரும். அப்புறம் யாருமே நம்ப மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை சிவசாமி தஞ்சாவூர் போய்க் கடிதத்தை வாங்கி வந்தான். சாயந்தரம் உண்ணாமலை அதையும் மெஷின் அட்டையையும் எடுத்துக்கொண்டு மீனவர் சங்கக் கட்டடத்துக்குப் போனாள். பிடிபட்ட மற்ற பத்து வீட்டுப் பெண்களும் அங்கே இருந்தார்கள். உதயசூரியன் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து அவளிடமே நீட்டினார்.

"அண்ணி, நான் சொல்றத மனசுல வாங்குங்க. இது போச்சுன்னா, ரெங்கராஜ் யாருன்னு மொதக் கேள்வி வரும். பேர மறைச்சு வந்தான்னு அவருக்குத் தனிக் கேஸு. கூட இருந்த பதினோரு பேரும் சேந்து மறைச்சாங்கன்னு அவுங்களுக்கும் ஒரு கேஸு. அடுத்த வாரம் கழிச்சு திங்கக்கெழம வாய்தா. எல்லாரையும் விட்டுருவாங்கன்னு வக்கீலு சொல்றாரு. பத்து நாளு. போன பேரே திரும்பி வரட்டும்."

"பத்து நாளு அந்தக் கம்பி தாங்கணுமே?"

செங்கமலம் எழுந்து வந்தாள். உண்ணாமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் பிரிக்கிறவள். அவள் புருஷனும் மூத்த மகனும் அதே படகில் போனவர்கள்.

"எனக்கு வீட்டுல இருந்த ரெண்டு ஆம்பளையும் அங்கதான் கெடக்கு அக்கா. ஆறு வருசம் தாங்கின கம்பி, பத்து நாளு தாங்காதா? ஒங்க கால்ல விழுறேன்" என்று நிஜமாகவே விழுந்துவிட்டாள்.

திட்டியிருந்தால் உண்ணாமலையும் திட்டியிருப்பாள். வாய்க்கு வாய் பேசுவதில் அவளும் சளைத்தவள் இல்லை. காலைப் பிடித்தவளை என்ன செய்ய முடியும்? அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பத்து வீட்டுக்காரர்களின் சாபத்தைக் கட்டிக்கொண்டு ஒருத்தி தன் புருஷனைக் காப்பாற்றலாம், காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உண்ணாமலைக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். கடிதத்தைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே ஷீபாவைக் கூப்பிட்டு, "உள்ளதச் சொல்லும்மா, எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

"யாராலயும் சொல்ல முடியாதுக்கா. பத்து வருசம் தாங்குனாலும் தாங்கும். பத்து நிமிசத்துல போனாலும் போகும். ரீடிங் ஒண்ணு வந்தாக்கூட ஏதாச்சும் சொல்லுவேன். அது பேசாம நான் என்னன்னு சொல்றது?"

திங்கட்கிழமை விடிந்ததும் சிவசாமியைக் கிளப்பிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். அன்று கலெக்டர் ஆபீசில் மனு நாள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, மனு வாங்குகிற அதிகாரி முன்னால் போனாள். அவர் மனுவைப் படித்தார், டாக்டர் கடிதத்தைப் படித்தார், பிறகு தன்னிடம் இருந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு தடவை போனார்.

"ரெங்கராஜ்னு யாரும் பிடிபடலையேம்மா."

"பிடிபட்டிருக்காருங்கய்யா."

"பட்டியல்ல இல்லையேம்மா. பன்னெண்டு பேருல அந்தப் பேரே இல்ல."

சிவசாமி முன்னால் வந்தான். "அந்த ஒம்போதாவது பேரு நான்தான் சார்."

அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஜெயில்ல இருக்கீங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

பின்னால் வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். இருவரையும் உட்காரவைத்து, நடந்ததை முழுக்கக் கேட்டு, தன் கையாலேயே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். "இது சென்னைக்குப் போகணும், அங்கேருந்து டெல்லிக்குப் போகணும், டெல்லியில இருந்து அங்க இருக்கிற நம்ம தூதரகத்துக்குப் போகணும். அவசரம்னு குறிச்சு அனுப்புறேன்மா. எப்படியும் ஒரு வாரம் ஆகும்." ஒரு ரசீதுச் சீட்டைக் கொடுத்தார். அறந்தாங்கி வரைக்கும் அந்தச் சீட்டை அவள் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். கைவியர்வையில் நம்பர் அழிந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளே செங்கமலத்துக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகையில் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உண்ணாமலைக்கு அது பெரிதாகப் படவில்லை. பெட்டியைத் துடைத்து வைத்தாள், பிளக்கைக் கழற்றி மாட்டினாள், பலகையிலிருந்து எடுத்துப்போய் வாசல் பக்கம், கடல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் ஒரு நாள் முழுக்க அங்கேயே வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயந்தரம் உதயசூரியன் வந்தார். வழக்கமாக வாசலில் நின்று கூப்பிடுகிறவர், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாலு மணிக்குச் சிறைக்குள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செய்தியில் சிவசாமி என்றுதான் வந்தது. மீனவர் சிவசாமி சிறையில் மரணம். சிவசாமி போனுக்கே ஆட்கள் கூப்பிட்டார்கள். எடுத்து, "நான்தான் பேசுறேன்" என்றால் எதிர்முனையில் அலறினார்கள். அவன் மாமனார் ஊரிலிருந்து மாலையோடு வேன் கிளம்பி, பாதி வழியில் விஷயம் தெரிந்து, அதே மாலையோடு அக்கா வீட்டுக்கு வந்தது. அந்தக் கூத்தையெல்லாம் உண்ணாமலை ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. உடம்பு வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். பேரைத் திருத்தி வாங்குவதென்றால் இன்னும் பல வாரம் ஆகும், அந்தப் பேரிலேயே வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று உதயசூரியன் கேட்டார். "வரட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை வாய்தாவில் பதினோரு பேரையும் விட்டுவிட்டார்கள். வக்கீல் சொன்னது சொன்னபடி நடந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வேனும் ஆம்புலன்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் வந்தன. செங்கமலத்தின் புருஷன் வேனை விட்டு இறங்கியவன் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக உண்ணாமலையிடம் வந்தான்.

"ரெண்டு தடவ மயங்கி விழுந்தாருக்கா. வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. என்னால பதினோரு பேரு மாட்ட வேணாம், திங்கக்கெழம எல்லாரும் சேந்தே போயிருவோம்னாரு."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். செங்கமலம் வாசலுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, "சிவசாமி வீடு இதானுங்களா?" என்று கேட்டார்.

"இதான்" என்றான் சிவசாமி. காகிதத்தில் அவனே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

சவப்பெட்டியைப் பிரித்து, உடம்பை எடுத்துக் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியில் வைத்து, வீட்டுக்குள் நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். வனிதா தகப்பன் கால்மாட்டில் விழுந்து கிடந்தாள். பொம்பளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். உண்ணாமலை மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தாள். அழ வையுங்கடி, இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள்.

பலகையில் விளக்கு பச்சையாயிற்று.

முதலில் பார்த்தது சிவசாமி. பதினேழு நாளாக மஞ்சளாக இருந்த விளக்கு. "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் முன்னால் நின்றாள். அவள் இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு சத்தம் போட்டது. சிவசாமி வாங்கிப் படித்தான். 'ரெங்கராஜ்: ரீடிங் கிடைத்தது. நன்றி.' தன் பேர் போட்ட காகிதம் ஒரு கையிலும் அந்த போன் மறு கையிலுமாக அவன் நின்றான். அந்த மனுஷனுடைய பேரைப் பதினேழு நாளில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

உடனே ஷீபா கூப்பிட்டாள். ஒரு வாரமாக அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா! வந்துட்டாரா? விட்டுட்டாங்களா? இப்பத்தான் ரீடிங் வந்து விழுந்துச்சு. மெஷின் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, பேட்டரிகூட இன்னும் நாலு வருசம் இருக்கு. உள்ள பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். மொதல்ல அவர இங்க கூட்டிட்டு வாங்க."

"வந்துட்டாரும்மா" என்றாள் உண்ணாமலை.

"ஒரு வார்த்த பேசச் சொல்லுங்கக்கா."

உண்ணாமலை போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கூடத்தில் எழுந்த ஒப்பாரி அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னமும் அடிக்குதாம்மா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"ஆமாக்கா." ஷீபா அழுதுகொண்டிருந்தாள். "அதுக்குத் தெரியாதுக்கா."

நாலு மணிக்குத் தூக்கினார்கள். அவர்களில் புதைப்பதுதான் வழக்கம், பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வந்த பெண்களெல்லாம் தெருமுனை வரைக்கும் பின்னால் போனார்கள். உண்ணாமலை போகவில்லை. பெட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றாள். பறைச் சத்தம் ஐஸ் பிளாண்டைத் தாண்டிப் போனது. சற்று நேரம் கழித்து விளக்கு மஞ்சளாயிற்று.

"போயிட்டாருடா சிவசாமி" என்று, இடுகாட்டுக்குப் போயிருந்த தம்பியைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு, அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.